கேசட் சேர்க்கிறவனிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கேசட் டெக், அதாவது கேசட்டை ஓட்டும் கருவி, இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் நான்கு பெட்டி நிறைய கேசட்டுகள். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் காபி குடித்து முடித்த பிறகு மெதுவாக, "எங்க வீட்டுலயும் ஒரு பை நிறைய கிடக்குங்க, என்ன பண்றதுன்னு தெரியல" என்பார்கள். பத்து வருடமாக ஒரே பதிலை வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதுகிறவன். நாலைந்து கேசட்டைக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

"போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே மாமா, இது எதுக்கு?"

மச்சினர் மகன் கேட்டது. அவன் சொல்வதில் தப்பில்லை. கம்பெனி போட்ட சினிமாப் பாட்டுக் கேசட்டுகளில் இருப்பது ஏறக்குறைய எல்லாமே போனில் கிடைக்கிறது, அதுவும் இதைவிடச் சுத்தமாக. ஆனால் போனில் எனக்குப் பாட்டு கேட்கத் தெரியவில்லை. பல்லவி முடிவதற்குள் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. கேசட்டில் அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும், ஃபார்வர்டை அழுத்த வேண்டும், குத்துமதிப்பாக நிறுத்திவிட்டு ஏதோ ஒரு சரணத்தின் நடுவில் போய் விழ வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே முழுப் பாட்டையும் கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கம், அரை மணி நேரம். நடுவில் எழுந்திருப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. போனில் எங்கே தேடினாலும் கிடைக்காத சங்கதி சில கேசட்டுகளில் இருக்கிறது. கீழே கையெழுத்துக் கேசட்டைப் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

"சி-60, சி-90னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

நிமிடக் கணக்கு. சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. பெருக்கிப் பார்த்தால் சி-60-க்குள் சுமார் 86 மீட்டர், சி-90-க்குள் சுமார் 129 மீட்டர் நாடா இருக்கும். டப்பா மட்டும் அதே அளவுதான். அப்படியென்றால் நீளமான கேசட்டில் நாடா மெலிந்திருக்க வேண்டும். சி-120 ரொம்ப மெல்லியது, எளிதில் சிக்கும், நீளும். பாட்டு பதிய சி-60 போதும் என்று அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் சொன்னது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை.

இந்த அளவு முடிவானது 1963-ல். பிலிப்ஸ் நிறுவனம் அந்த வருடம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் இதை வெளியிட்டது. உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ், நெதர்லாந்துக்காரர். கோட்டுப் பைக்குள் போகிற மாதிரி ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, கருவி இந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்று ஆரம்பித்தாராம். தொடக்கத்தில் இது பேச்சைப் பதியத்தான். சங்கீதம் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கம்பெனி கேசட்டும் இருக்கு, யாரோ கையால எழுதினதும் இருக்கு. எதை வெச்சுக்கிறது, எதைத் தூக்கிப் போடறது?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கையால் எழுதியதை வைத்துக்கொள்ளுங்கள். எக்கோ, சங்கீதா, எச்.எம்.வி., லகரி என்று அச்சடித்த அட்டையோடு வந்தவை ஆயிரக்கணக்கில் விற்றவை. உங்களிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் இருக்கும். நீலப் பேனாவில் "அக்கா கல்யாணம் - பாட்டு" என்று எழுதிய கேசட் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். 2009-ல் வீடு மாறியபோது அட்டை அழகாக இருந்ததையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்துக் கேசட்டுகளை ஒரு சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். பிளாஸ்டிக் விலைகூடக் கிடைக்கவில்லை. உள்ளே நாடா இருப்பதால் கழிவு போகும் என்றார். அவர் கொடுத்த காசில் அன்றைக்கு டீயும் வடையும் சாப்பிட்டேன்.

கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பிவிடவும் கூடாது. "சாமி பாட்டு" என்று எழுதிய கேசட்டின் பி பக்கத்தில் ஒரு குழந்தை ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவதைக் கேட்டிருக்கிறேன். பதினாலை விட்டுவிட்டுத்தான் எண்ணியது. ஓட்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

"ரெக்கார்டிங் சென்டர்னு சொல்றீங்களே, அது ஸ்டுடியோவா சித்தப்பா?"

இல்லை கண்ணு. பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய கடை. கண்ணாடி அலமாரியில் இசைத்தட்டுகள், இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், தெருவைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி. 1980-களில் தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எல்லாவற்றிலும் கடைவீதியில் இப்படி ஒன்றாவது இருந்தது. நமக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கொடுக்க வேண்டும். கையில் காசு இருந்தால் டி.டி.கே. அல்லது சோனி, இல்லாவிட்டால் மெல்ட்ராக். நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள். தீபாவளி நேரம் என்றால் பத்து நாள்.

அந்தப் பட்டியலை எழுதுவதுதான் பெரிய வேலை. ஒரு பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு. அதற்குள் சோகம் எத்தனை, டூயட் எத்தனை, அம்மாவுக்குப் பிடித்தது ஒன்றாவது உண்டா (இல்லையென்றால் காசு பெயராது) என்று யோசித்து, அடித்துத் திருத்தி எழுதுவோம். இளையராஜா உச்சத்தில் இருந்த காலம். வாரத்துக்கு ஒரு படமாவது வருவது போல் இருக்கும், பட்டியல் கடைக்குப் போவதற்குள் பழசாகிவிடும். கும்பகோணத்தில் நான் போன கடைக்காரருக்குச் சொந்த ரசனை உண்டு. பட்டியலைப் படித்துவிட்டு, "இதுக்கு அப்புறம் இதைப் போட்டா நல்லா இருக்காது தம்பி" என்று வரிசையை மாற்றுவார். கேட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

பக்கத்தின் கடைசியில் ஒன்றிரண்டு நிமிடம் மிஞ்சும். அதை வீணாக்க மாட்டார்கள். ஏதாவது படத்தின் டைட்டில் இசையையோ, ஒரு புல்லாங்குழல் துண்டையோ வைத்து நிரப்புவார்கள். நாடா தீர்ந்து அது பாதியில் அறுபடும். கையெழுத்துக் கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசை நெஞ்சில் பதிந்துபோயிருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் வயலின் மனசுக்குள் தானாக ஆரம்பித்துவிடும். இரண்டும் வேறு வேறு படம், வேறு வேறு வருடம். சேர்த்து வைத்தது நீங்கள் எழுதிய தாளும் அந்தக் கடைக்காரரும்தான். பாட்டு போனில் இருக்கிறது, இந்த வரிசை இல்லை.

"வானொலியிலேர்ந்து பதிஞ்சதையும் வெச்சுக்கணுமா? கரகரன்னு இருக்கே."

கண்டிப்பாக. கரகரப்புக்கு நடுவில் அறிவிப்பாளர் குரல் இருக்கும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்ட காலம் உண்டு. அந்த அறிவிப்பாளர்களுக்கு இங்கே நடிகர்களுக்கு இணையாக ரசிகர்கள் இருந்தார்கள். விவித பாரதியின் தேன் கிண்ணத்தைப் பதிந்து வைத்தவர்களும் உண்டு. பதிகிறவர்கள் அறிவிப்பு வந்ததும் நிறுத்தி, பாட்டு வந்ததும் தொடங்குவார்கள். கொஞ்சம் அசந்தால் அறிவிப்பாளரின் பாதி வாக்கியம் உள்ளே வந்துவிடும். அன்றைக்கு அதை எரிச்சலாக நினைத்தோம். இன்றைக்கு அந்தப் பாதி வாக்கியத்துக்காகத்தான் அந்தக் கேசட்டை ஓட்டுகிறேன்.

"பென்சில் எதுக்கு?"

பல் சக்கரத்துக்குள் நுழைத்துச் சுற்றி, தளர்ந்த நாடாவை இறுக்க. அறுகோணப் பென்சில்தான் பிடிக்கும், உருண்டைப் பென்சில் வழுக்கும். ரெனால்ட்ஸ் பேனாவும் சிலருக்குச் சரியாக வரும்.

"கேசட் இப்ப எங்கங்க கிடைக்கும்?"

சென்னையில் என்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏற ஏறத் தார்ப்பாய் மேல் கிடக்கும் கேசட் வெந்துவிடும். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் வளாகத்தில் இசைத்தட்டுக் கடைகள் இருக்கின்றன. பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகு வந்த கட்டடம் அது. பெல்ட், மோட்டார், ஹெட் (நாடாவில் பதிந்ததைப் படிக்கும் பகுதி) போன்ற உதிரிப் பொருளுக்கு ரிச்சி தெரு.

ஆனால் சந்தைக்குப் போவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டுப் பரண்களைக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியதைவிட, "எடுத்துட்டுப் போப்பா, இடத்தை அடைக்குது" என்று கிடைத்ததுதான் என்னிடம் அதிகம்.

"புதுசா ஒரு பிளேயர் ஆன்லைன்ல பார்த்தேன், பளபளன்னு இருக்கு. வாங்கலாமா சார்?"

பேச்சு கேட்க என்றால் வாங்கலாம். பாட்டுக்கு என்றால் யோசியுங்கள். இன்று வரும் மலிவான பிளேயர்களில் மேலே ஓடு மட்டும்தான் விதவிதமாக இருக்கும். உள்ளே இருக்கும் இயந்திரப் பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரியான எளிய வகை. நாதஸ்வரமோ வீணையோ நீளமாக ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது தள்ளாடுவது காதுக்கே தெரியும். டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதியும் இவற்றில் இருக்காது.

1980, 90-களில் வந்த நல்ல டெக் ஒன்றை வாங்கி பெல்ட் மாற்றினால் புதியதைவிட நன்றாகப் பாடும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். மூடி திறந்து மூடுகிறதா, இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா, ஃபார்வர்டும் ரீவைண்டும் கடைசி வரை போகிறதா. பெல்ட் பழசானால் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டுப் புதிது போடலாம். அந்தக் கறை பட்ட சட்டையைத்தான் காப்பாற்ற முடியாது.

"இருபது வருஷமா பரண்ல கிடந்தது. அப்படியே போட்டுப் பாக்கலாமா?"

வேண்டாம். முதலில் கண்ணாலே பாருங்கள். டப்பாவின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். சென்னைக் காற்றுக்கு இது சகஜம். அப்படிப்பட்டதைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, முக்கியமானது என்றால் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து, கேசட்டின் வாய்ப்பக்கம் நடுவில் ஒரு சின்ன கம்பளித் துணி செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால் சத்தம் வந்து வந்து போகும். உபயோகமில்லாத இன்னொரு கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றலாம். இதற்காகவே ஐந்தாறு உதவாத கேசட்டுகளை வைத்திருக்கிறேன். திருகாணி போட்ட டப்பா என்றால் இந்த வேலை சுலபம். ஒட்டி மூடிய டப்பாவைப் பிளேடால் கீறித் திறந்து, நாடாச் சுருள்களை மட்டும் திருகாணி டப்பாவுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால், பாடவிடாமல் ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் இருந்த சுருள் இளகும். அதற்கு முன் டெக்கின் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத் துணியே போதும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் சென்ட்டைத் தொட்டுத் துடைத்தோம். வாசனையாக இருந்தது, அவ்வளவுதான்.

"நாடா உள்ள மாட்டிக்கிட்டு அறுந்துபோச்சு. செல்லோ டேப் போட்டு ஒட்டிடட்டுமா?"

இழுக்காதீர்கள், அதுதான் முதல் விதி. மூடியைத் திறந்து, உருளையைக் கையால் பின்பக்கமாகத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். கசங்கிய நாடாவை விரலால் நீவி, பென்சிலால் சுற்றிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒரு வினாடி முழுங்கும்.

அறுந்தே போயிருந்தால் இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாய்வாக வெட்டி, முனையோடு முனை சேர்த்து, ஹெட்டைத் தொடாத முதுகுப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். சாதாரண செல்லோ டேப்பின் பசை நாளாக நாளாகக் கசிந்து அடுத்த சுற்றோடும் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே ஒட்டும் நாடா இருக்கிறது. கிடைக்காத நேரத்தில் செல்லோ டேப்பால் ஒட்டி, ஒரே ஒரு முறை ஓட்டிக் கணினியில் பதிந்துகொள்ளலாம். அப்படியே வைத்துவிடாதீர்கள்.

"ஹெட்டெல்லாம் துடைச்சாச்சு அண்ணே, அப்படியும் கம்பளிக்குள்ளேர்ந்து பாடற மாதிரி இருக்கு."

டீக்கடை நண்பர் கேட்டது. துடைத்தும் மந்தமாக இருந்தால் ஹெட்டின் சாய்வைச் சந்தேகப்படலாம். பதிந்த கருவியின் ஹெட் நின்ற கோணமும், ஓட்டும் கருவியின் ஹெட் நிற்கும் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் ஜாலரா, ஹை-ஹாட் போன்ற மேல் சத்தங்கள் காணாமல் போகும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கேசட் பாடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினால் ஓரிடத்தில் ஜன்னலைத் திறந்த மாதிரி சத்தம் தெளியும். திருப்புவதற்கு முன் அது இருந்த நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

டால்பி பொத்தானையும் பாருங்கள். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டுக்கு அதைப் போட்டிருந்தாலும் இதே மந்தம்தான்.

"பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதே பாட்டு லேசா கேக்குது. பின்னாடி யாரோ தலைகீழா வேற பேசுறாங்க. பயமா இருக்கு தம்பி."

எதிர்வீட்டு அம்மா நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார். இரண்டு பேயும் வேறு வேறு. முதலாவது, சுருளில் ஒரு சுற்றின் காந்தம் அதற்கு அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்துவிடுவது. பல வருடம் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கிறதே. பாட்டுக்கு முந்தைய மௌனத்தில் அது துல்லியமாகத் தெரியும். மெல்லிய நாடாவில், சூட்டில் கிடந்ததில் இது அதிகம். மேலே சொன்ன மாதிரி ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது.

இரண்டாவது, ஹெட் உயரத்தில் விலகியிருப்பது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில் ஏ பக்கம் ஒரு பாதி, பி பக்கம் மறு பாதி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பதிந்தவை. ஹெட் கொஞ்சம் விலகினால் மறுபக்கத்தையும் சேர்த்துப் படித்துவிடும், அது தலைகீழாகத்தானே கேட்கும். அந்த அம்மாவின் கேசட்டில் தலைகீழாகப் பேசியது பி பக்கத்தில் இருந்த ஒரு படத்தின் கதை வசனம்.

"பழைய கேசட்ல மேலயே புதுசா பதியலாமா? ஓட்டை வேற இருக்கு."

பதியலாம், பதியாதீர்கள். டப்பாவின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் பதியும் பொத்தான் இறங்காது. ஏ பக்கம் உங்களைப் பார்த்து, நாடா தெரியும் வாய் கீழே இருக்கும்படி பிடித்தால், இடது நாக்கு ஏ பக்கத்துக்குக் காவல். யாரோ அதை உடைத்து வைத்திருக்கிறார் என்றால் இதை அழிக்காதே என்று சொல்லியிருக்கிறார். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி மேலே பதிந்த பாவத்தைச் செய்யாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

சி-60-க்கு ஒரு மணி நேரம். குறுக்கு வழி இல்லை. டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து (பின்னால் சத்தம் வெளியே வரும் துளை) கணினிக்கு ஒரு கம்பி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், பொறுமை. சத்தம் ஏறும் உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்குப் போனால் உடைந்த சத்தத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. முதலில் தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள், எம்.பி.3 பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் நீக்கும் பொத்தானை ஆசை தீர அழுத்தாதீர்கள். இரைச்சலோடு குரலின் மூச்சும் போய்விடும். சுத்தம் செய்யாத மூலப் பதிவு ஒன்று எப்போதும் தனியாக இருக்கட்டும். பாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டுவதற்கு முன்னால் பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வையுங்கள். ஏன் என்று ரெக்கார்டிங் சென்டர் பதிலில் இருக்கிறது.

"எங்கம்மா பாடினது ஒண்ணு இருக்கு. ஆனா குழந்தை பாடற மாதிரி கீச்சுன்னு கேக்குது. கேசட் கெட்டுப்போச்சா?"

கேசட் கெடவில்லை, அன்றைக்குப் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் வேகமாகவும் கீச்சென்றும் வரும். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போகக் கீச்சிட்டால் நிச்சயமாக இதுதான். நேர்மாறாக எல்லாக் கேசட்டும் கட்டைக் குரலில் பாடினால் உங்கள் டெக்கின் பெல்ட் தொய்ந்திருக்கிறது.

கணினியில் ஏற்றிய பிறகு வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு மாற்றுவது என்பதுதான் சிக்கல். பேட்டரி இல்லாமல் கரண்ட்டில் ஓட்டிப் பதிந்திருந்தால் ஒரு தந்திரம் இருக்கிறது. பின்னணியில் மெலிதாக ஒரு "ம்ம்" கேட்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மென்பொருளில் அது 52 என்று காட்டினால் பதிவு 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம், அந்த அளவுக்குக் குறைத்துவிடலாம். பேட்டரியில் பதிந்ததற்கு அந்த ஆதாரம் இருக்காது. அப்போது அம்மாவின் குரலைக் கேட்டுப் பழகிய பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இதைக் கேட்டவரின் வீட்டில் அவருடைய பெரியம்மா வந்து உட்கார்ந்தார். "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஓரிடத்தில் ஒன்றும் சொல்லாமல் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டோம்.

"இதையெல்லாம் யூடியூப்ல போட்டா என்ன?"

வீட்டுக் குரலைப் போடுவது உங்கள் குடும்ப விவகாரம். அதில் பேசியிருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு அப்படி இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருடம் உரிமை உண்டு. 1985-ல் வந்த பாட்டின் பதிவுக்கு 2045 முடியும் வரை. வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு தனி. சொந்த உபயோகத்துக்காகப் பிரதி எடுப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஊருக்கே ஒலிபரப்புவது அதில் அடங்காது. ஆகவே நான் ஏற்றித் தரும் கோப்புகளை உரியவர்கள் கையில் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"நல்ல விலைக்குப் போகுமா?"

பிரிக்காத காலி கேசட், முக்கியமாக மெட்டல் வகை (உலோகத் துகள் பூசிய நாடா), நல்ல விலைக்குப் போகும். பாட்டுக் கேசட்டை விற்றுக் கட்டில் வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

"ஏங்க, இது எங்க போய்த்தான் நிக்கும்?"

யார் கேட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. நியாயமான கேள்வி. ஒரு கட்டத்தில் ஒரே படத்தின் பாட்டு மூன்று கம்பெனி அட்டையில் என்னிடம் இருந்தது. கேட்பதற்கு வாங்கவில்லை, வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்ததே என்று வாங்கினேன். இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கம்பெனி கேசட் ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். கையெழுத்துக் கேசட்டுக்கு இந்த விதி கிடையாது. அதில் ஓட்டை இருப்பதை அவள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நான்கு பெட்டியிலேயே நிற்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது அலுவலகத்தில் இருக்கிறது.

"நீங்க எடைக்குப் போட்டீங்களே, அதுல என்ன சார் இருந்துச்சு?"

சாக்கில் இருந்த எல்லாம் நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் நானே பட்டியல் எழுதிக் கொடுத்த முதல் கேசட், மெல்ட்ராக் சி-60. பதின்மூன்று பாட்டு. பதினொன்றை நினைவிலிருந்து எழுதிவிட்டேன், ஏ பக்கத்து நான்காவதும் பி பக்கத்து இரண்டாவதும் வரவில்லை. மூன்றாவது முடியும்போது மனசு அடுத்ததற்குத் தயாராகிறது, ஆனால் ஒன்றும் வருவதில்லை.

பி பக்கத்துக் கடைசிப் பாட்டு நான் எழுதிக் கொடுக்காதது. இடம் மிஞ்சியதென்று கடைக்காரரே சேர்த்தார். இரண்டாவது சரணத்தில் "நி" என்ற எழுத்தில் நாடா தீர்ந்துவிடும். இப்போது அந்தப் பாட்டு பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், யார் போனிலாவது முழுசாகவே ஓடுகிறது. எனக்கு அந்த "நி" வந்ததும் டக்கென்று ஒரு பொத்தான் மேலே எழும்பும் சத்தம் கேட்கிறது.